ஒரு அங்குலம் தூக்கினால், ஒரு அங்குலம் முட்டு!



இந்தப் பக்கத்தில் இதுவரை தீர்மானப் புத்தகம், கடன் கணக்கு, ஆட்டுக் கொட்டகை என்று பலதும் படித்திருக்கிறோம். இந்த முறை ஸ்பேனர், ஜாக்கி, துருப்பிடித்த போல்ட்டு பற்றிப் படிக்கப் போகிறோம். “இது ஆம்பளைங்க சமாச்சாரம்” என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வண்டி நம் குழுவின் பெயரில் இருக்கிறது. தவணை கட்டுவதும் நாம்தான். அந்த வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவர் நம் வீட்டுப் பிள்ளை. அப்படியிருக்க இது எப்படி நம் சமாச்சாரம் இல்லாமல் போகும்?

நம் பகுதியில் ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்கிறோம். குழுவின் பெயரையும் ஊரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி போடவில்லை. “ஆனா நடந்ததை ஒளிக்காம எழுதுங்க மேடம், இன்னொரு குழுவுக்கு இப்படி ஆகக் கூடாது” என்றார்கள்.

நடந்தது என்ன?

அந்தக் குழு வங்கிக் கடனில் ஒரு பழைய லோடு வண்டி வாங்கியிருந்தது. விடியற்காலையில் கத்தரி, வெண்டை, வாழைத்தார் ஏற்றி உழவர் சந்தைக்குப் போகும். திரும்பும்போது உர மூட்டை, தீவன மூட்டை வரும். ஓட்டுவது ஓர் உறுப்பினரின் மகன்.

ஈரக் காய்கறியும் உரமும் ஏற்றிய வண்டியின் இரும்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பாடியின் தரைத் தகடு இடது மூலையில் அரித்து ஓட்டை விழுந்தது. அடியில் போகும் விளக்கு வயரும் அறுந்து தொங்கியது. பட்டறையில் கேட்டார்கள். “பாடியை இறக்கித்தான் வேலை பார்க்கணும், 6,500 ரூபாய் ஆகும்” என்றார் பட்டறைக்காரர்.

கூட்டத்தில் பேச்சு வந்தது. “அவ்வளவா? வீட்டுலயே பார்த்துக்கலாமே, தம்பிக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரே வரி எழுதினார்கள்: ‘செலவைக் குறைக்கும் பொருட்டு வண்டியை வீட்டிலேயே பழுது பார்ப்பது.’ எப்படி, யார் துணையோடு, எந்தச் சாமானை வைத்து என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். முதல் நாள் மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது. வலது பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றினார். இடது பக்கத்தைத் தளர்த்தினார். ஒற்றை ஜாக்கியை மண்ணின் மேல் வைத்து பாடியின் வலது பக்கத்தைச் சாய்வாகத் தூக்கினார். வேறு முட்டு எதுவும் இல்லை. அறுந்த வயரைப் பிடிக்க உள்ளே கையை விட்டார்.

குழுத் தலைவி அந்த வழியாகப் பால் ஊற்றப் போனவர், பார்த்துவிட்டு, “தம்பி, தலையை வெளியே எடு சாமி, என்ன இது!” என்று சத்தம் போட்டார். அவர் தலையை எடுத்துவிட்டார். கையை எடுப்பதற்குள் ஜாக்கி மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. பாடி வழுக்கி விழுந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. ஒன்றில் எலும்பு முறிவு.

தலை உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் எழுத வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் தம்பியின் அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “வீட்டுல பார்த்துக்கலாம்னு தீர்மானம் போட்டோமே, ஜாக்கிக்கு அடியில வைக்க ஒரு பலகை வாங்கிக் கொடுத்தோமா?” யாரும் பதில் சொல்லவில்லை. அன்று அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். முதல் கூட்டத்திலும் இருந்தோம். நாங்களும்தான் தலையாட்டினோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வண்டி 18 நாள் நின்றது. டீசல், கூலி போக ஒரு நாளைக்குக் குழுவுக்கு மிஞ்சுவது 450 ரூபாய். 18 நாளுக்கு 8,100 ரூபாய். அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம் என்றாலும் ஆட்டோ, சாப்பாடு, வெளியில் வாங்கிய மருந்து என்று 1,900 ரூபாய். மொத்தம் 10,000 ரூபாய். பட்டறைக்காரர் கேட்டது 6,500.

இது பணக் கணக்கு மட்டும். அந்த விரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஜாக்கி தூக்க மட்டும்தான்

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவி. தாங்குவதற்கான கருவி அல்ல.

ஏன்? எண்ணெய் ஜாக்கிக்குள் ஒரு ரப்பர் வளையம்தான் எண்ணெயை அடைத்து நிறுத்துகிறது. அது தேய்ந்தால் எண்ணெய் கசியும், பாரம் இறங்கும். திருகு ஜாக்கியில் எண்ணெய் இல்லை. ஆனால் அதன் அடித்தட்டு சிறியது. சற்றே சாய்ந்தாலும் கவிழும். எந்த ஜாக்கியானாலும் மொத்தப் பாரமும் உள்ளங்கை அகலத்தில் நிற்கிறது. ஈர மண் அதைத் தாங்காது.

முட்டு எதில் கொடுப்பது என்பதும் முக்கியம்.

• செங்கல், ஹாலோ பிளாக் கல் வேண்டாம். பாரத்தில் அவை சொல்லாமல் கொள்ளாமல் வெடித்து உடையும்.

• உருண்டையான சவுக்குக் கட்டை வேண்டாம். உருளும்.

• உரல், தகர டிரம், பழைய டயர் வேண்டாம்.

• சதுரமாக அறுத்த கெட்டி மரக்கட்டை நல்லது. மரம் உடைவதற்கு முன் பெரும்பாலும் முனகும், நசுங்கும். விலகிக்கொள்ள நமக்கு நேரம் கிடைக்கலாம்.

கட்டைகளை அடுக்கும் விதம் நமக்குப் புதிதல்ல. இரண்டு கட்டை இப்படி, அதன் மேல் இரண்டு கட்டை குறுக்கே, மறுபடி இரண்டு இப்படி. நான்கு பக்கமும் சமமாக அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம், அதன் அடி அகலத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. அடி ஒன்றரை அடி அகலம் என்றால், உயரம் நாலரை அடிக்குள் நிற்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் முறை எப்படிச் செய்தார்கள்?

தம்பியின் கை ஆறியபின் குழு மறுபடி கூடியது. பட்டறைக்கே விட்டுவிடலாம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். அது தவறான யோசனை இல்லை. ஆனால் ஓய்வுபெற்ற மெக்கானிக் அண்ணன் ஒருவர், “நான் கூட நிக்கிறேம்மா, சரியாச் செய்யக் கத்துக்கங்க” என்று முன்வந்தார். இந்த முறை தீர்மானம் ஒரு பக்கம் வந்தது. யார் யார் என்ன வேலை என்று பெயர் போட்டு எழுதினார்கள். நாங்களும் போய் நின்றோம்.

இடம்: ஊரில் கதிரடிக்கும் சிமென்ட் களம். மேடு பள்ளம் இல்லை. சுற்றிலும் கயிறு கட்டி, பிள்ளைகளும் ஆடுமாடும் உள்ளே வராமல் பார்க்க இரண்டு பேரை நிறுத்தினார்கள்.

வண்டியை நிறுத்துவது: கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். பாடியில் இருந்த தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி எல்லாம் இறங்கின. மூன்று பக்கத்து டோர்களையும் கழற்றி வைத்தார்கள். பாரம் நன்றாகக் குறைந்தது.

இணைப்புகள்: பேட்டரியில் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றினார்கள். பின் விளக்கு வயரைப் பிரித்து, எது எதோடு சேரும் என்று கலர் ரிப்பன் கட்டி அடையாளம் வைத்தார் ஒரு சகோதரி. சில வண்டிகளில் டீசல் ஊற்றும் குழாய் பாடியோடு சேர்ந்திருக்கும். அதைக் கழற்றாமல் தூக்கினால் குழாய் கிழிந்துவிடும். எதையும் தூக்குவதற்கு முன் அடியில் டார்ச் அடித்து, பாடிக்கும் சேஸுக்கும் நடுவே இன்னும் ஏதாவது தொடுப்பு இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும்.

போல்ட்டுகள்: முதல் நாள் சாயங்காலமே எண்ணெய் விட்டு ஊற வைத்தார்கள். எட்டில் ஏழு கழன்றன. ஒன்று அசையவே இல்லை. அதை அறுக்கும் மெஷினால் மெக்கானிக் அண்ணனே அறுத்தார். டீசல் டேங்குப் பக்கம் பொறி போகாமல் நனைத்த சாக்கைத் தடுப்பாகப் பிடித்து, பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொண்டார்கள். அறுக்கும்போது கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே நிற்கவில்லை.

தூக்குவது: இங்கேதான் நம் பாடத்தின் தலைப்பு வருகிறது. ஆள் பலத்தை நம்பவில்லை. ஒரு பக்கம் ஒரு அங்குலம் தூக்கினால், உடனே ஒரு அங்குலக் கட்டையைக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகுதான் அடுத்த பக்கம். ஜாக்கி வழுக்கினாலும் பாடி ஒரு அங்குலத்துக்கு மேல் விழாது. மெதுவான வேலைதான். பாடியைத் தூக்கவே காலைப்பொழுது முழுக்க ஆனது. “வெங்காயம் உரிக்கிற மாதிரி போகுதே” என்று சிரித்தார்கள். ஆனால் யாரும் அவசரப்படவில்லை.

ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வைத்தார்கள். ஜாக்கியின் தலைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைத்தார்கள். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். கட்டையைச் செருகும்போது விரலை உள்ளே விடாமல், இன்னொரு குச்சியால் தள்ளினார்கள்.

போதிய உயரம் வந்ததும், சென்ட்ரிங் கடையில் வாடகைக்கு எடுத்த இரண்டு இரும்புச் சேனல்களைப் பாடிக்கு அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்கே செருகினார்கள். சேனலின் நான்கு முனைகளும் நான்கு கட்டை அடுக்குகளின் மேல் உட்கார்ந்தன. அதன்பின் அடுக்குகளையும் அதே அங்குலக் கணக்கில் உயர்த்தி, பின் சக்கரத்துக்கு மேல் நான்கு விரல் இடைவெளி வந்ததும் நிறுத்தினார்கள். பாடியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்கள். ஆடவில்லை. பிறகு சக்கரக் கட்டைகளை எடுத்து, வண்டியை மெதுவாக முன்னால் தள்ளினார்கள். பாடி அப்படியே அந்தரத்தில், கட்டைகளின் மேல் நின்றது. வண்டி வெளியே வந்துவிட்டது!

கட்டளை: வேலை முழுக்க ஒரே ஒரு குரல்தான், மெக்கானிக் அண்ணனுடையது. “தூக்கு”, “இறக்கு” என்று அவர் மட்டும்தான் சொல்லலாம். ஆனால் “நிறுத்து” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னால் எல்லோரும் நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம்.

உள்ளே என்ன இருந்தது?

பாடி விலகியதும்தான் நிஜம் தெரிந்தது. சேஸின் மேல் விரல் கனத்துக்குச் சேறு அப்பிக் கிடந்தது. சேறு ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரும்பைத் தின்னும். அதைவிட முக்கியமாக, பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் குழாயின் ஒரு கிளிப் விட்டுப்போய், குழாய் சேஸில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஒரு எறக்கத்துல பிரேக் பிடிச்சிருக்காது” என்றார் அண்ணன். வாரத்தில் சில நாள் அந்த வண்டியில் நம் சகோதரிகளும் சந்தைக்குப் போகிறார்கள்.

பிரேக் வேலையை அண்ணன் மட்டுமே செய்தார். மற்றவர்கள் பார்த்தார்கள். பிரேக், ஸ்டீயரிங், டீசல் டேங்கு ஆகிய மூன்றையும் தெரிந்தவர்தான் தொட வேண்டும். செலவைக் குறைக்கிற இடம் இது இல்லை.

வெல்டர் களத்துக்கே வந்தார். வண்டியும் டேங்கும் தள்ளி நின்றதால் பயமில்லாமல் வெல்டிங் நடந்தது. அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். சகோதரிகள் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்தபின் பெயின்ட் அடித்தார்கள். தரையில் அடைபட்டிருந்த தண்ணீர் வடியும் துளைகளையும் திறந்துவிட்டார்கள். பாடியை இறக்கியதும் அதே முறையில்தான்: ஒரு அங்குலக் கட்டையை எடு, ஒரு அங்குலம் இறக்கு. பழைய போல்ட்டு எதையும் மறுபடி போடவில்லை.

செலவு விவரம்:

தகடு, சேனல் துண்டு – ரூ. 2,100
வெல்டர் கூலி – ரூ. 1,200
புதுப் போல்ட்டு, பிரேக் குழாய் – ரூ. 650
ரெட் ஆக்சைடு, பெயின்ட், பிரஷ் – ரூ. 650
மெக்கானிக் அண்ணனுக்கு – ரூ. 800
டீ, சாப்பாடு, சாமான் வாடகை – ரூ. 300
மொத்தம் – ரூ. 5,700

பட்டறை கேட்டதைவிட மிச்சம் 800 ரூபாய். அவ்வளவுதான். சகோதரிகளின் உழைப்பைக் கூலியாகப் போட்டால் அதுவும் மிஞ்சாது. இதை மறைக்காமல் சொல்கிறோம். வீட்டில் சரியாகச் செய்தால் பெரிய லாபம் இல்லை. தப்பாகச் செய்தால் பெரிய நஷ்டம். கிடைத்த உண்மையான லாபம், தங்கள் வண்டியின் அடிப்பக்கத்தை அந்தப் பெண்கள் தங்கள் கண்ணால் பார்த்ததுதான். இப்போது உர லோடு இறக்கிய அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தனி ஆளாக இருந்தால், சாமான் இல்லை என்றால், தெரிந்தவர் துணை இல்லை என்றால், பட்டறைக்கே விடுங்கள். அது தோல்வி இல்லை.

டிப்பர் டிரெய்லர் வைத்திருக்கும் குழுக்களுக்கு

டிராக்டர் டிப்பரில் தொட்டி தானாகவே தூக்குவதால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். ஆபத்து அங்கேதான் அதிகம். தொட்டியைத் தூக்கி நிறுத்துவது ஹோஸ் குழாயில் இருக்கும் எண்ணெய் அழுத்தம். ஹோஸ் வெடித்தாலோ, யாராவது தெரியாமல் லிவரைத் தட்டினாலோ தொட்டி ஒரே மூச்சில் கீழே வரும். ஆகவே:

• கிரீஸ் வைக்க, பழுது பார்க்க, லோடு இல்லாத தொட்டியை மட்டும் தூக்குங்கள்.

• தூக்கியதும் இரும்பு முட்டுக் கம்பியைக் கொடுங்கள். அதன்பின் தொட்டியை முட்டின் மேல் உட்கார விட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

• என்ஜினை அணைத்து, சாவியை வேலை பார்ப்பவரே தன் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும்.

• தூக்குவதற்கு முன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

பதறி ஆளை இழுக்காதீர்கள். முதலில் பாரத்தை முட்டுக் கொடுத்துத் தூக்குங்கள். ஒருவர் உடனே 108க்குப் பேசட்டும். பாரத்தின் அடியில் எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார் என்பதை வருகிறவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காபித் தூள், மஞ்சள் தூள், சாம்பல் வைக்காதீர்கள். விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து ஆளோடு அனுப்புங்கள். ஐஸில் நேராகப் போடக் கூடாது. டி.டி. ஊசி போட வேண்டுமா என்றும் மருத்துவமனையில் கேளுங்கள்.

காகிதங்கள் சரியாக இருக்கிறதா?

லோடு வண்டிக்கு எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது. பாடியைக் கழற்றிப் பழுது பார்த்து அதே மாதிரி மாட்டலாம். ஆனால் “கூட ரெண்டு மூட்டை ஏத்தலாமே” என்று பாடியை நீட்டுவதோ உயர்த்துவதோ மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி தவறு.

2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். 2022 ஜூன் முதல் வருடப் பிரீமியம் 20 ரூபாய். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ போனால் 1 லட்சம். நம் கதையில் வரும் தம்பிக்கு விரல் காயம்தான் என்பதால் இதில் பணம் வராது. ஆனாலும் ஓட்டுபவரும் உறுப்பினர்கள் அனைவரும் இதில் சேர்ந்திருக்கிறார்களா என்று இந்த மாதமே பாருங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழு வண்டிக்கு, டிராக்டருக்கு, மோட்டாருக்குப் பழுது பார்ப்பவர் யார்? அவருக்குத் தேவையான சாமான் நாம் வாங்கிக் கொடுத்திருக்கிறோமா?

2. ‘செலவைக் குறைப்பது’ என்று தீர்மானம் போடும்போது, அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று யோசித்தோமா?

3. சதுரக் கட்டை பன்னிரண்டு, கனமான பலகை இரண்டு, கண்ணாடி, கையுறை இரண்டு ஜோடி. இவற்றை நான்கு குழுக்கள் சேர்ந்து வாங்கிக் கூட்டமைப்பில் வைத்துக்கொள்ளலாமா?

4. ஒரு வேலை நடக்கும்போது “நிறுத்து” என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு மட்டும் நாங்கள் ஒரு பதில் சொல்கிறோம். அன்று பால் தூக்கோடு போன தலைவிக்கு ஜாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. “பார்த்தா சரியில்லைன்னு தோணுச்சு, கத்திட்டேன்” என்றார். அந்தச் சத்தம்தான் ஒரு தலையைக் காப்பாற்றியது. சரியில்லை என்று தோன்றினால் சத்தம் போடுங்கள். பிறகு தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் குழுவில் இந்தப் பாடத்தைப் படித்துப் பேசியதை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.